கதையில் ஓர் ஊர், படத்தில் வேறு ஊர்!

மாயாஜாலப் படம் என்றால் கூட்டம் எதைப் பார்க்க வருகிறது? பறக்கும் நாகத்தை, பேசும் மரத்தை, கண் மூடித் திறப்பதற்குள் மறைந்து போகும் மனிதனைப் பார்க்க வருகிறது. நாவலில் பத்துப் பக்கம் படித்துக் கற்பனை செய்ததைத் திரையில் பத்து வினாடியில் காட்டிவிட்டால் கைதட்டல் கிடைக்கிறது. காட்டத் தவறினால், புத்தகத்தில் இருந்த அளவு படத்தில் இல்லை என்ற முணுமுணுப்பு எழுகிறது.

ஆனால் நாவலுக்கும் படத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் மந்திரத்திலும் இல்லை, தந்திரத்திலும் இல்லை. அது கடைசி ரீலில் இருக்கிறது.

மாயாஜாலக் கதைகளில் பலவற்றின் போக்கு ஒன்றுதான். ஒருவன் ஊரை விட்டுப் போகிறான். காணாததை எல்லாம் காண்கிறான். பிறகு ஊர் திரும்புகிறான். போகிற வழியைப் படக்காரர்கள் பிரமாதமாக எடுத்து விடுகிறார்கள். திரும்பி வருகிற இடத்தில்தான் கத்திரி விழுகிறது!

இதற்கு மூன்று நாவல்கள் நல்ல சாட்சி. ஒன்று, அமெரிக்காவில் பிறந்த 'ஓஸ் மந்திரவாதி'. இரண்டாவது, ஜெர்மனியில் பிறந்த 'முடிவில்லாக் கதை'. மூன்றாவது, இங்கிலாந்தில் பிறந்த 'மோதிரங்களின் அதிபதி'. மூன்றும் உலகப் புகழ் பெற்றவை. மூன்றும் பெரும் பொருட்செலவில் படமானவை. மூன்றிலும் கதாசிரியர் திரும்பச் சொன்ன ஊர் ஒன்று. படத்தில் போய்ச் சேர்ந்த ஊர் வேறொன்று.

சாம்பல் நிற வீடு

'ஓஸ் மந்திரவாதி' 1900-ம் ஆண்டில் வெளிவந்தது. எழுதியவர் பிராங்க் பாம். பிழைப்புக்காகப் பல தொழில் பார்த்தவர் அவர். கோழி வளர்த்தார். நாடகக் கம்பெனி நடத்தினார். வண்டி அச்சுக்குப் போடும் மசகு விற்றார். 1888-ல் குடும்பத்துடன் டகோட்டா என்ற சமவெளிப் பிரதேசத்துக்குக் குடிபெயர்ந்து கடை வைத்தார். அங்கே மழை பொய்த்தது. கடனுக்குச் சாமான் வாங்கியவர்களால் பணம் கட்ட முடியவில்லை. கடை மூடப்பட்டது. பத்திரிகை ஒன்றை நடத்திப் பார்த்தார், அதுவும் நிலைக்கவில்லை. 1891-ல் மனைவி, நான்கு பிள்ளைகளுடன் சிகாகோ போய்ச் சேர்ந்தார். அங்கே ஊர் ஊராக அலைந்து பீங்கான் பாத்திரம் விற்கும் வேலை பார்த்தார்.

அவர் கண்ட வறண்ட மண்ணின் சாயலை நாவலில் வரும் கான்சாஸ் கிராமத்தில் பார்க்கலாம். கதாநாயகி டோரதி, தாய் தகப்பன் இல்லாத சிறுமி. ஹென்றி மாமாவும் எம் அத்தையும் அவளை வளர்க்கிறார்கள். வெயிலில் வெந்து புல் சாம்பல் நிறம். சாயம் போய் வீடும் சாம்பல் நிறம். வாழ வந்தபோது அழகாக இருந்த அத்தையும், காற்றிலும் வெயிலிலும் வாடி அதே நிறமாகி விட்டாள். ஒரு நாள் சூறாவளி அடித்து, சிறுமியை வீட்டோடு தூக்கிக்கொண்டு போய் ஓஸ் என்ற மாய நாட்டில் இறக்குகிறது.

வழியில் அவளுக்குத் துணையாகச் சேரும் வைக்கோல் பொம்மை ஒரு கேள்வி கேட்கிறது. இவ்வளவு அழகான நாட்டை விட்டு அந்தச் சாம்பல் மண்ணுக்குப் போக ஏன் துடிக்கிறாய்? எவ்வளவு வறண்டு கிடந்தாலும் சொந்த வீட்டுக்கு இணை இல்லை என்கிறாள் டோரதி. பொம்மைக்கு அது புரியவில்லை. மனிதர்களுக்கும் தன்னைப்போல் தலைக்குள் வைக்கோல் இருந்திருந்தால் எல்லோரும் அழகான ஊர்களுக்கே போயிருப்பார்கள், கான்சாசில் ஆளே மிஞ்சியிருக்காது என்று பதில் சொல்கிறது. கதாசிரியரின் குறும்பு அது!

கடைசியில் மந்திர வெள்ளிக் காலணியின் உதவியால் டோரதி ஊர் திரும்புகிறாள். அங்கே பழைய வீடு இல்லை. சூறாவளி கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாக மாமா புதிதாக ஒன்று கட்டியிருக்கிறார். அதாவது போனதும் உண்மை, வந்ததும் உண்மை, இடைப்பட்ட காலத்தில் வீட்டில் நடந்த நஷ்டமும் உண்மை.

கனவாகப் போன பயணம்

வால்ட் டிஸ்னியின் 'ஸ்நோ ஒயிட்' கார்ட்டூன் படம் 1937 கடைசியில் வெளியாகி வெற்றி முரசு கொட்டியது. அதைப் பார்த்து எம்.ஜி.எம். ஸ்டூடியோ 'ஓஸ்' நாவலைக் கையில் எடுத்தது. 1939-ல் படம் வெளியாயிற்று. டைரக்டர் விக்டர் பிளெமிங். டோரதியாக நடித்தவர் ஜூடி கார்லண்ட்.

படத்தில் கான்சாஸ் காட்சிகள் மங்கிய பழுப்பு நிறத்தில் வரும். ஓஸ் நாட்டுக் கதவு திறந்ததும் திரை முழுவதும் வண்ணம் பொங்கும். அந்தக் காலத்து ரசிகர்களை வாய் பிளக்க வைத்த காட்சி அது. கலரில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே நாவலின் வெள்ளிக் காலணி, படத்தில் சிவப்புக் கல் பதித்த காலணியாக மாறியது.

இவை எல்லாம் படத்துக்கு அழகு சேர்த்த மாறுதல்கள். முடிவில் செய்த மாறுதல் அப்படிப்பட்டது அல்ல. படத்தில் டோரதி கண் விழிக்கும்போது தன் கட்டிலிலேயே படுத்திருக்கிறாள். வீடு நின்ற இடத்தில் நிற்கிறது. ஓஸ் நாட்டில் வைக்கோல் பொம்மையாகவும், தகர மனிதனாகவும், சிங்கமாகவும் வந்தவர்கள் வேறு யாரும் இல்லை. பண்ணையில் வேலை செய்யும் ஆட்கள்தான். எல்லாம் தலையில் அடிபட்டு மயங்கிக் கிடந்தபோது கண்ட கனவு! சொந்த வீட்டுக்கு இணை இல்லை என்ற பேச்சோடு படம் முடிகிறது.

நாவலின் தொடக்கத்தில் ஒரு பொம்மையின் கேலிக்கு ஆளான பேச்சு, படத்தில் கடைசி உபதேசமாக வந்து உட்கார்ந்து விட்டது.

அந்த நாள் நிலவரத்தையும் பார்க்க வேண்டும். 1930-களில் அமெரிக்கச் சமவெளி மாநிலங்களில் மழையும் இல்லை, விலையும் இல்லை. புழுதிப் புயலாலும் கடனாலும் லட்சக்கணக்கானவர்கள் நிலத்தை விட்டு மூட்டை முடிச்சுடன் கிளம்பினார்கள். கான்சாசும் அந்த மாநிலங்களில் ஒன்று. வீட்டை இழந்தவர்கள் நிறைந்த நாட்டில், போனதெல்லாம் வெறும் கனவு, வீடு அப்படியே இருக்கிறது என்று ஒரு படம் சொன்னால் கண்ணீர் வராமல் இருக்குமா?

ஆனால் பாம் பிறகு எழுதியது என்ன தெரியுமா? ஓஸ் கதைகளை அவர் தொடர்ந்து எழுதினார்; மொத்தம் 14 புத்தகங்கள். 1910-ல் வந்த ஆறாவது புத்தகத்தில் ஹென்றி மாமா பெரும் கஷ்டத்தில் இருக்கிறார். சூறாவளிக்குப் பின் புது வீடு கட்டினார் அல்லவா? அதற்காகப் பண்ணையை அடமானம் வைத்திருந்தார். கடனை அடைக்க முடியவில்லை. பண்ணை கைவிட்டுப் போகும் நிலை. டோரதி, ஓஸ் நாட்டு இளவரசியிடம் சொல்லி மாமாவையும் அத்தையையும் அங்கேயே அழைத்துக்கொள்கிறாள். மூவரும் ஓஸ் நாட்டிலேயே நிரந்தரமாகத் தங்கி விடுகிறார்கள்.

சொந்த வீட்டுக்கு இணை இல்லை என்று சொன்ன அதே பெண், அந்த வீட்டின் மேல் கடன் ஏறி உட்கார்ந்ததும் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்து விட்டாள். வீட்டின் மேல் அவளுக்கு இருந்த பாசம் பொய் அல்ல. பாசம் மட்டும் அடமானத்தை மீட்காது என்பது கடை மூடிய பாமுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் புத்தகம் வந்த அடுத்த ஆண்டே, 1911-ல், அவரும் திவாலானார். 1919-ல் காலமானார். இருபது ஆண்டு கழித்து வந்த படத்தின் முடிவைப் பற்றி அவரைக் கேட்க வழியில்லை.

கதாசிரியர் கோர்ட்டுக்குப் போனார்

இரண்டாவது நாவலின் ஆசிரியர் உயிரோடு இருந்தார். சும்மாவும் இருக்கவில்லை.

ஜெர்மானிய எழுத்தாளர் மைக்கேல் எண்டே எழுதிய 'முடிவில்லாக் கதை' 1979-ல் வெளிவந்தது. புத்தகத்தின் அச்சே புதுமை. மனித உலகில் நடப்பது சிவப்பு மையில் இருக்கும். மாய உலகில் நடப்பது பச்சை மையில் இருக்கும். மொத்தம் 26 அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் அகர வரிசைப்படி ஓர் எழுத்தில் தொடங்கும்.

கதாநாயகன் பாஸ்டியன் பருமனான, பயந்த சுபாவமுள்ள பள்ளிச் சிறுவன். மற்றப் பையன்கள் அவனைக் கேலி செய்து துரத்துகிறார்கள். தாய் இறந்து விட்டாள். பல் கட்டும் தொழில் செய்யும் தகப்பனார், மனைவி போன நாளிலிருந்து மகனிடம் நெருங்கிப் பேசுவதே இல்லை. பாஸ்டியன் ஒரு கடையில் புத்தகம் ஒன்றைத் திருடிக்கொண்டு, பள்ளிக்கூடத்தின் பரண் அறையில் ஒளிந்து படிக்கிறான். புத்தகத்துக்குள் இருக்கும் மாய உலகம் அழிந்துகொண்டிருக்கிறது. மனிதக் குழந்தை ஒன்று அந்த உலகத்தின் மகாராணிக்குப் புதுப் பெயர் சூட்டினால்தான் அது பிழைக்கும். பாஸ்டியன் பெயர் சூட்டுகிறான். புத்தகத்துக்குள்ளேயே போய் விடுகிறான்.

நாவல் இந்த இடத்தில் ஏறக்குறையப் பாதிதான் முடிந்திருக்கிறது. படம் முடிந்து விட்டது!

வூல்ப்காங் பீட்டர்சன் டைரக்ட் செய்த அந்தப் படம் 1984-ல் வந்தது. ஜெர்மனியில் அன்றுவரை எடுத்த படங்களிலேயே அதிகப் பொருட்செலவில் தயாரானது. ஏறக்குறைய 6 கோடி மார்க். வெள்ளை நிற நாகத்தின் மேல் ஏறிப் பறக்கும் சிறுவனைப் பார்க்க உலகெங்கும் குழந்தைகள் திரண்டார்கள். முடிவில் பாஸ்டியன் அந்த நாகத்தோடு தன் சொந்த நகரத்துக்கே பறந்து வந்து, கேலி செய்த பையன்களை ஓட ஓட விரட்டிக் குப்பைத் தொட்டியில் குதிக்க வைக்கிறான். அரங்கில் ஒரே கைதட்டல்!

தொடக்கத்தில் ஒரு காட்சியில் வந்து புத்திமதி சொல்லிவிட்டுப் போன தகப்பனார் பிறகு படத்தில் தலைகாட்டவே இல்லை.

எண்டே கொதித்துப் போனார். முதலில் திரைக்கதை வேலையில் அவரும் கலந்துகொண்டவர்தான். பிறகு தம் சம்மதம் இல்லாமல் அது மாற்றப்பட்டது என்பது அவருடைய புகார். படத்தை நிறுத்த வேண்டும், அல்லது தலைப்பையாவது மாற்ற வேண்டும் என்றார். தயாரிப்பாளர்கள் இணங்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார். தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்ப் பட்டியலிலிருந்து தம் பெயரை எடுக்கச் செய்தார்.

ஒவ்வோர் ஆசைக்கும் ஒரு விலை

படத்தில் வராத பாதியில் அப்படி என்ன இருந்தது?

மாய உலகத்தில் பாஸ்டியனுக்கு ஒரு தாயத்து கிடைக்கிறது. கேட்டதெல்லாம் நடக்கும். அழகு வேண்டும் என்கிறான், கிடைக்கிறது. பலம், துணிச்சல், புகழ் எல்லாம் வருகின்றன. ஆனால் ஒவ்வோர் ஆசை நிறைவேறும்போதும் அவனுடைய பழைய ஞாபகம் ஒன்று கழன்று போகிறது. பருமனாக இருந்ததை மறக்கிறான். பள்ளிக்கூடத்தை மறக்கிறான். கடைசியில் தாயையும் தகப்பனையும் மறக்கிறான்.

இடையில் அவன் கால் வைக்கும் ஒரு நகரம் பயங்கரமானது. மனித உலகத்திலிருந்து அவனைப்போலவே வந்து, ஆசைக்கு ஒன்றாக ஞாபகங்களை எல்லாம் செலவழித்து விட்டவர்கள் அங்கே வாழ்கிறார்கள். திரும்பிப் போக வேண்டும் என்று ஆசைப்படக்கூட அவர்களுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. எழுத்துகள் பொறித்த பகடைகளை உருட்டிக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள். அவர்களுக்கு ஊர் திரும்பும் வழி அடைபட்டு விட்டது.

பாஸ்டியன் மயிரிழையில் தப்புகிறான். ஒரு சுரங்கத்தில் கூலியாள்போல் நாள் கணக்கில் தோண்டுகிறான். மறந்துபோன கனவுகளின் படங்கள் அங்கே அடுக்கடுக்காகப் புதைந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று அவன் மனத்தைத் தொடுகிறது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், கையில் பல் அச்சு, சுற்றிலும் பனிக்கட்டி. யார் என்று தெரியவில்லை. ஆனால் ஏக்கம் பொங்குகிறது. அவர்தான் தகப்பனார். சொந்தப் பெயரையே மறந்து விட்ட நிலையில், அந்த ஏக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அவன் வீடு திரும்புகிறான்.

தகப்பனாருக்காக அவன் கையில் ஏந்தி வந்த உயிர்த் தண்ணீர் வழியிலேயே சிந்தி விடுகிறது. இரவெல்லாம் மகனைத் தேடி அலைந்த தகப்பனார், அவன் சொல்வதை முழுவதும் கேட்கிறார். அவர் கண்ணில் நீர் வருகிறது. கொண்டுவந்தது சிந்திப் போகவில்லை என்று மகனுக்கு அப்போது புரிகிறது. அடுத்த நாள் புத்தகக் கடைக்குப் போய்த் திருட்டையும் ஒப்புக்கொள்கிறான்.

படத்தில் திரும்பி வருகிறவன் பழி வாங்குகிறான். நாவலில் திரும்பி வருகிறவன் தகப்பனாரை மீட்கிறான். எண்டே கோர்ட்டு வரை போனது ஏன் என்பது இப்போது விளங்கும். நாகம் எப்படி இருந்தது என்பது அல்ல அவருடைய வழக்கின் உயிர்நாடி. எதற்காக இந்தப் பையன் வீடு திரும்பினான் என்பதுதான். 1990-ல் வந்த இரண்டாம் படம், ஞாபகத்தை விலையாகக் கொடுக்கும் கதையை ஓரளவு எடுத்துக்கொண்டது. முதல் படத்தின் புகழ் அதற்குக் கிடைக்கவில்லை.

வெட்டப்பட்ட மரங்கள்

மூன்றாவது நாவல் எல்லாவற்றிலும் பெரியது. ஆக்ஸ்போர்டு பேராசிரியர் டோல்கீன் எழுதிய 'மோதிரங்களின் அதிபதி' 1954, 1955-ல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. குள்ள மனிதர்கள் வாழும் ஷயர் என்ற அமைதியான நாட்டுப்புறம். அங்கிருந்து பிரோடோவும் அவன் தோட்டக்காரன் சாமும், இரண்டு சிநேகிதர்களும் புறப்படுகிறார்கள். உலகையே அடிமைப்படுத்தும் மோதிரத்தை எரிமலையில் போட்டு அழிக்க வேண்டும். போகிறார்கள், உயிரைக் கொடுத்துப் பாடுபட்டு முடிக்கிறார்கள், ஊர் திரும்புகிறார்கள்.

நாவலில் ஊர் எல்லையிலேயே கதவு பூட்டியிருக்கிறது! உள்ளே எங்கு பார்த்தாலும் இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே என்று அறிவிப்புப் பலகை. சாராயக் கடைகளை மூடி விட்டார்கள். விளைந்த தானியம் எங்கோ போய் விடுகிறது. சாலையோர மரங்கள் வெட்டுண்டு கிடக்கின்றன. பிரோடோ வீட்டுக்குக் கீழே இருந்த குடியிருப்பைத் தோண்டி மணல் எடுக்கிறார்கள். பழைய மாவு ஆலை போய்ப் புகையும் கழிவும் கக்கும் புது ஆலை நிற்கிறது.

இதைச் செய்தவர் யார்? தோற்று ஓடிய மந்திரவாதி சாருமான், பழி தீர்க்க அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறான். ஆனால் அவனுக்கு முன்பே வழி திறந்து விட்டவன் உள்ளூர்க்காரன். வெளியிலிருந்து வந்த பணத்தில் ஆலையையும் நிலங்களையும் வாங்கிக் குவித்த லோதோ, பிரோடோவின் உறவினன். அடியாட்களுக்கு ஏவல் செய்தவர்களிலும் ஊர்க்காரர்கள் உண்டு.

நால்வரும் ஊரைத் திரட்டிப் போராடுகிறார்கள். சண்டையில் ஊர்க்காரர் 19 பேர் சாகிறார்கள். பிறகு சாம் ஒரு சிறு பெட்டியைத் திறக்கிறான். பயணத்தில் தேவ குலத்து ராணி பரிசாகக் கொடுத்த மண் அதில் இருக்கிறது. வெட்டிய மரம் ஒவ்வொன்றுக்கும் பதில் ஒரு கன்று நட்டு, அதன் அடியில் ஒரு துளி மண் போட்டு, நாடு முழுவதும் நடக்கிறான். அவன் வெளியூர் போய்ச் சம்பாதித்து வந்த சம்பாத்தியம் அந்த ஒரு பெட்டி மண்தான்!

இது டோல்கீன் வாழ்க்கையோடு ஒட்டிய பகுதி. தென்னாப்பிரிக்காவில் பிறந்து, மூன்று வயதில் இங்கிலாந்து வந்தவர் அவர். பர்மிங்ஹாம் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில், பழைய மாவு ஆலைக்குப் பக்கத்தில் வளர்ந்தார். தமக்குப் பத்து வயது ஆகும் முன்பே அந்தச் சுற்றுவட்டாரம் அழியத் தொடங்கிவிட்டதாகப் பின்னாளில் நாவலின் முன்னுரையில் எழுதினார். மோட்டார் வண்டி அரிதாக இருந்த, புறநகர் ரெயில் பாதைகளைப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது என்றும் அதில் சொல்கிறார்.

45 ஆண்டுக்கு முன்பே சொன்ன குறை

பீட்டர் ஜாக்சன் இந்த நாவலை நியூசிலாந்தில் மூன்று படங்களாக எடுத்தார். 2001, 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் அவை வெளிவந்தன. மூன்றாவது படம் 11 ஆஸ்கார் பரிசுகளைத் தட்டிக்கொண்டு போனது. போர்க்களக் காட்சிகளும், மலைகளும், கோட்டைகளும் பிரமிப்பூட்டின. ஆனால் ஊர் அழிந்த கதை முழுவதும் வெட்டுப்பட்டது. முதல் படத்தில் பிரோடோ ஒரு மாயக் கண்ணாடி நீரில் ஊர் எரிவதைப் பார்க்கிறான், அதோடு சரி. நால்வரும் திரும்பும்போது புல் பச்சையாக இருக்கிறது, கதவுகள் திறந்திருக்கின்றன, சாராயக் கடையில் கும்மாளம் நடக்கிறது. சாமின் பெட்டி படத்தில் இல்லை.

டோல்கீன் 1973-ல் காலமானவர். ஆனாலும் இதைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பார் என்று ஊகிக்க ஆதாரம் இருக்கிறது. 1958-ல் ஓர் அமெரிக்கக் குழு இந்த நாவலைப் படமாக்க முயன்று திரைக்கதைச் சுருக்கத்தை அவருக்கு அனுப்பியது. டோல்கீன் அதைப் பக்கம் பக்கமாக அலசிப் பதில் எழுதினார். கதையின் தனித்தன்மை எதில் இருக்கிறதோ அதை வெட்டிவிட்டுச் சண்டைக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பது அவருடைய முக்கியக் குறை. நாவலின் கடைசிப் பகுதியை நீக்கியதையும் அவர் சுட்டிக் காட்டினார். அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. 45 ஆண்டு கழித்து வேறொருவர் எடுத்தபோதும் கத்திரி அதே இடத்தில் விழுந்தது!

டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர், தகப்பனாரின் கையெழுத்துப் பிரதிகளைப் பதிப்பிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். 2012-ல் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றுக்கு அளித்த பேட்டியில், நாவலின் குடலை உருவிவிட்டு இளவட்டங்களுக்கான சண்டைப் படமாக்கி விட்டார்கள் என்று மனம் நொந்து பேசினார். 2020-ல் அவரும் காலமானார்.

படக்காரர்கள் பக்கம்

படக்காரர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஜாக்சனின் மூன்றாவது படமே 3 மணி 20 நிமிடம் ஓடுகிறது. எரிமலையில் மோதிரம் விழுந்த பிறகு இன்னொரு வில்லன், இன்னொரு சண்டை என்றால் சனங்கள் எழுந்து போய் விடுவார்கள். இருக்கிற முடிவே நீளம் என்று அன்று பலர் குறைபட்டார்கள். வாசகர் பத்து நாள் வைத்துப் படிக்கலாம். ரசிகர் ஒரே மூச்சில் பார்க்க வேண்டும்.

வெட்டிய இடத்தை ஜாக்சன் வெறுமையாகவும் விடவில்லை. சாராயக் கடையில் ஊரே ஆரவாரம் செய்கிறது. நால்வர் மட்டும் ஒரு மேஜையைச் சுற்றி மௌனமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எங்கே போனார்கள், என்ன பட்டார்கள் என்று கேட்க ஒருவரும் இல்லை. ஒரு வசனமும் இல்லாத அந்தச் சில வினாடிகள், ஊர் மாறாவிட்டாலும் போனவன் மாறி விட்டான் என்று சொல்லி விடுகின்றன. நாவலிலும் உள்ளூரில் பிரோடோவுக்குப் பெரிய மரியாதை கிடைப்பதில்லை.

கசப்பான ஊர் திரும்புதலைத் துணிந்து எடுத்தவர்களும் உண்டு. ஓஸ் கதைகளை வைத்து 1985-ல் டிஸ்னி கம்பெனி இன்னொரு படம் எடுத்தது. டைரக்டர் வால்டர் மர்ச். அதில் டோரதி ஓஸ் நாட்டைப் பற்றிச் சொல்வதை வீட்டில் யாரும் நம்பவில்லை. தூக்கம் வராத சிறுமியை மின்சார வைத்தியத்துக்கு அழைத்துப் போகிறார்கள். மாமா கட்டத் தொடங்கிய புது வீடு பாதியில் நிற்கிறது. நாவலின் சூழ்நிலைக்கு 1939-ம் ஆண்டுப் படத்தை விட நெருக்கமானது என்று பாராட்டியவர்கள் இருந்தார்கள். படம் ஓடவில்லை. தயாரிப்பாளர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதற்கு இதை விட வேறு சாட்சி வேண்டாம்.

எந்த ஊர் உண்மை?

மாறாத ஊரைக் காட்டும் படத்தை ரசிகர்கள் விரும்புவதில் ஆச்சரியம் இல்லை. தூரத்தில் இருக்கிறவனுக்கு ஊர் என்பது சட்டைப் பையில் வைத்திருக்கும் போட்டோ. அதில் இருப்பவர்களுக்கு வயதாவதில்லை. மரங்கள் பட்டுப் போவதில்லை. படம் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கித் திரையில் காட்டுகிறது.

பிழைப்புக்காக வெளி மாநிலத்தில் இருப்பவர்களுக்கு மற்றதை விளக்கத் தேவையில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு போட்டுவிட்டுப் போய் ஸ்டேஷனில் இறங்கினால், மனத்தில் இருந்த ஊர் ஒன்று, கண்ணில் படுவது ஒன்று. குளம் இருந்த இடத்தில் கட்டிடம். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் இல்லை. வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருப்பது போன பிறகுதான் தெரிகிறது. வெளியூர் வாழ்க்கையில் எதை எதை மறந்தோம் என்பதும் அங்கே போன பிறகுதான் தெரிகிறது. டோரதியின் கடன், பாஸ்டியனின் மறதி, சாமின் வெட்டுண்ட மரம் மூன்றும் மாய நாட்டுச் சங்கதிகள் அல்ல.

மூன்று கதாசிரியர்களும் இதைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. ஊர் கெட்டுப் போயிருக்கலாம், ஆனால் திரும்பி வருகிறவன் கையில் ஏதாவது இருந்தால் அதைச் சரி செய்யலாம் என்றுதான் சொன்னார்கள். அந்தக் கையிருப்பு ஒருவனுக்குப் பிடி மண், ஒருவனுக்குத் தகப்பன் மேல் ஏக்கம். சரி செய்யவே முடியாத இடத்தில், வீட்டாரைக் கூடவே அழைத்துப் போவதும் தப்பில்லை என்று பாம் சொன்னார்.

படங்களைப் பார்க்க வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பார்த்தவர்கள் நூல் நிலையத்தில் டோல்கீனின் மூன்றாவது தொகுதி கிடைத்தால் எடுத்துப் பார்க்கலாம். முழுவதும் படிக்க நேரம் இல்லாதவர்கள் ஆறாவது பாகத்தின் எட்டாவது, ஒன்பதாவது அத்தியாயங்களைப் புரட்டினால் போதும். படத்தில் இடம் கிடைக்காத சாம், அங்கே கன்று நட்டுக்கொண்டிருக்கிறான்.